கொல்லையில் ஆறு கோழி: கூண்டு கட்டுவதும் கீரி, நாய், பாம்பிடமிருந்து காப்பதும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் எந்த ரகம் என்று கேட்பார்கள், அடுத்து தீவனம். கூண்டைப் பற்றிக் கேட்பது முதல் கோழி காணாமல் போன பிறகுதான். இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறோம். கோழி வாங்கும் முன் கூண்டு, கூண்டு கட்டும் முன் உங்கள் கொல்லைக்கு என்னென்ன வரும் என்ற கணக்கு.

யார் வருகிறார்கள்

பகலில் வருவது கீரி, காகம், வல்லூறு, பருந்து. இரவில் மரநாய், பெருச்சாளி, பூனை. பாம்புக்கும் தெருநாய்க்கும் நேரம் கிடையாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி வீடு இருந்தால் நரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெருநாய்தான் பெரிய தலைவலி.

சேதத்தைப் பார்த்தே யார் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கோழிகள் ஆங்காங்கே செத்துக் கிடந்து, இறகு கொல்லை முழுக்கச் சிதறி, தின்ற தடமே அதிகம் இல்லையென்றால் நாய். நாய் பசிக்காகக் கொல்வதைவிட, ஓடுவதைத் துரத்திக் கடிப்பதே அதிகம். தலையும் கழுத்தும் கடிபட்டு உடல் அப்படியே கிடந்தால், பகல் என்றால் கீரி, இரவு என்றால் மரநாய். ஒரே ஒரு கோழி சுவடில்லாமல் போய், ஓரிடத்தில் மட்டும் இறகுக் குவியல் இருந்தால் பருந்து அல்லது பூனை. குஞ்சின் கால் மட்டும் கடிபட்டிருந்தாலோ, காலையில் குஞ்சு குறைந்து தரையில் புது வளை தெரிந்தாலோ பெருச்சாளி. முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் மறைந்தால் பாம்பு. ஓடு உடைந்து கிடந்தால் காகம், கீரி, எலி மூன்றையும் சந்தேகிக்கலாம். முட்டை குடிக்கப் பழகிய உங்கள் கோழியையும்தான்.

ஒரு விஷயம் சட்டப்படி தெரிந்திருக்க வேண்டும். கீரி, மரநாய், நல்ல பாம்பு, சாரைப்பாம்பு, வல்லூறு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், அடித்துக் கொல்வதும் குற்றம். கொன்றாலும் பலனில்லை. இடம் காலியானால் சில வாரங்களில் இன்னொன்று வந்துவிடும். வழியை அடைப்பதுதான் வேலை.

ஓட்டையின் அளவு

கூண்டு கட்டுகிறவர்கள் கம்பி எவ்வளவு தடிமன் என்றுதான் பார்க்கிறார்கள். ஓட்டை எவ்வளவு பெரிது என்று பார்ப்பதில்லை. கை முஷ்டி நுழையும் சந்தில் மரநாய் வந்துவிடும். மூன்று விரல் சேர்த்து நுழைந்தால் கீரி. கட்டைவிரல் நுழைந்தால் எலியும், குஞ்சு தின்னும் அளவுள்ள பாம்பும். அதனால் இரவுக் கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வேண்டும்.

கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். கோழியை வெளியே போகவிடாமல் தடுக்க மட்டுமே அது உதவும். நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், கீரி கண்ணுக்குள் நுழைந்துவிடும். வேலிக்குப் போடும் இரண்டு அங்குல வைர வலை நாயை நிறுத்தும், வேறெதையும் நிறுத்தாது.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் போலக் கடலோரத்தில் வீடு இருந்தால் துத்தநாகப் பூச்சு மட்டும் உள்ள மெஷ், மண்ணைத் தொடும் இடத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பூச்சும் சேர்ந்த மெஷ் விலை கூடத்தான், ஆனால் கீழ்ப்பகுதிக்காவது அதை வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், அடிப்பகுதியைக் காலால் அழுத்திப் பாருங்கள். பொடிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இரவுக் கூண்டு: ஆறு கோழிக்கு

ஐந்து பெட்டை, ஒரு சேவல் என்று தொடங்குவது நல்லது. அதற்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரமுள்ள பெட்டி போதும். தலைக்கு 2 சதுர அடி வருகிறது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால்கள் மேல் நிற்க வேண்டும்.

முதலில் நான்கு சவுக்குக் கம்பு, மூன்று அங்குல விட்டத்துக்குக் குறையாமல். இந்த மாவட்டத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. பட்டையை உரித்துக் காயவைத்து, அடி ஒன்றரை அடிக்குத் தார் பூசுங்கள், இல்லாவிட்டால் கரையான் முதல் மழைக்காலத்திலேயே வேலையைக் காட்டும். காலை மண்ணில் ஒன்றரை அடி புதைத்து, சுற்றிலும் செங்கல் ஜல்லி போட்டுக் கெட்டியாக இடியுங்கள். கடற்கரை மணலில் இடித்தால் நிற்காது, கொஞ்சம் சிமெண்டு கலவை போட்டுவிடுங்கள். சாய்ந்த கூண்டின் கதவு சரியாக மூடாது, சந்து விழும்.

ஒவ்வொரு காலிலும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு வழவழப்பான தகரத்தைச் சுற்றி ஆணி அடியுங்கள். பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் போதும். எலிக்கும் பாம்புக்கும் அதில் பிடிமானம் கிடைக்காது. ஆனால் கூண்டைச் சுவரிலோ மரத்திலோ ஒட்டி வைத்துவிட்டால் தகரம் வீண். சுற்றிலும் மூன்று அடி இடைவெளி வேண்டும், மேலே தொங்கும் முருங்கைக் கிளையையும் வெட்டிவிடுங்கள். மரநாய் கிளை வழியாகத்தான் கூரைக்கு இறங்கும்.

மெஷ் 3 அடி அகலத்தில் வாங்கினால் நான்கு பக்கமும் சுற்ற 14 அடி, தரைக்கு 4 அடி, வெட்டுச் சேதத்துக்குக் கொஞ்சம். 20 அடி கேளுங்கள். மெஷ்ஷைச் சட்டத்தின் வெளிப்பக்கம் பொருத்த வேண்டும். நாய் முட்டும்போது மெஷ் சட்டத்தின் மேல் அழுந்தும். உள்பக்கம் பொருத்தினால் ஒவ்வொரு முட்டுக்கும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். வளைந்த ஆணி மட்டும் அடித்து விட்டுவிடாதீர்கள். மெஷ்ஷின் மேல் ஒரு ரீப்பர் சட்டத்தை வைத்து, ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று திருகாணி போட்டு இறுக்குங்கள். கடலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் பலகையோ பழைய ஃபிளெக்ஸோ வைத்து மழைச் சாரலை மறைக்கலாம். மற்ற பக்கங்களை மூடாதீர்கள். இங்கே கோழிக்குக் குளிரைவிடப் புழுக்கம்தான் எதிரி.

கூரைக்கு 6 அடித் தகடு இரண்டு. எல்லாப் பக்கமும் ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு, பின்பக்கம் ஆறு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தகட்டின் மேல் தென்னங்கீற்று போட்டுக் கட்டலாம், மழைக்கு முன் எடுத்துவிடலாம். நன்றாகக் கட்டிய கூண்டிலும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. தகட்டின் நெளிவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வரிசையாக அரை வட்டச் சந்துகள் இருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. எலி அதில்தான் நுழையும். மீந்த மெஷ் துண்டுகளை மடித்து எல்லாச் சந்திலும் திணித்து ஆணி அடித்துவிடுங்கள்.

கதவு ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். மூடியபின் எந்த ஓரத்திலும் சுண்டுவிரல் நுழையக் கூடாது. வெறும் கொக்கியை நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒரு தாழ்ப்பாள், அதிலொன்றுக்கு ஒரு கம்பி ஊசி.

உள்ளே உட்கார இரண்டு கம்பு, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத தடிமன், இரண்டும் ஒரே உயரத்தில். உயரம் மாறினால் மேல் கம்புக்குத் தினமும் சண்டை. ஒரு கோழிக்குப் பத்து அங்குலம் என்று கணக்கு. கம்பு மெஷ்ஷிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் பூனை வெளியிலிருந்தே இறகைப் பிடித்து இழுக்கும். முட்டையிட ஓரடிக்கு ஓரடியில் இரண்டு பெட்டி, அதில் வைக்கோல். முட்டை எடுக்கக் கையை விடும் முன், இருட்டோ பகலோ, டார்ச் அடித்துப் பாருங்கள்.

பகல் அடைப்பு

கொல்லை முழுக்க விட்டு வளர்ப்பது கோழிக்கு நல்லது, தீவனச் செலவும் குறையும். தெருநாய் தொல்லை இருந்தாலோ மதில் இல்லாவிட்டாலோ 10 அடிக்கு 6 அடியில் ஓர் அடைப்பு தேவைப்படும். மனிதர் நிமிர்ந்து நிற்கும் உயரம் வையுங்கள், குனிந்து கூட்ட வேண்டியிருந்தால் யாரும் கூட்ட மாட்டார்கள். கீழ் இரண்டடிக்கு அரை அங்குல மெஷ், அதற்கு மேல் வைர வலை.

தோண்டி வருவதைத் தடுக்க எல்லோரும் மெஷ்ஷை ஓரடி ஆழம் புதைக்கிறார்கள். களிமண்ணில் சரி. கடலோர மணலில் பள்ளம் நிற்காது, பெருச்சாளி ஓரடிக்குக் கீழேயும் போகும். அதைவிட இரண்டடி அகல மெஷ்ஷை அடைப்பின் வெளிப்பக்கம் தரையில் பாவாடைபோல விரித்து, செங்கல் வைத்து மேலே மண் போடுங்கள். விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், அங்கே மெஷ் தட்டுப்படும். இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது.

மேல்பக்கத்துக்குக் கடலூர் துறைமுகத்தில் கழித்துப்போடும் பழைய மீன்வலை போதும். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தொங்கினால் பறவை சிக்கும். மீன்வலையைத் தரைமட்டத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டாம். பாம்பு தலையை நுழைத்துச் செதில் மாட்டிக்கொண்டு சாகும், அல்லது உயிரோடு சிக்கி, காலையில் நீங்கள் கை வைக்கும் இடத்தில் இருக்கும்.

அடைப்புக்குள் செம்பருத்தி, வாழை என்று ஏதாவது புதர் இருக்கட்டும். மேலே வல்லூறு தெரிந்தால் சேவல் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்து ‘க்ர்ர்ர்’ என்று நீளமாக ஒரு குரல் கொடுக்கும், பெட்டைகள் நொடியில் புதருக்குள் போய்விடும். தரையில் வரும் ஆபத்துக்குக் குரலே வேறு, ‘கொக்கொக்கொக்’ என்று விடாமல் கத்தும். இந்த இரண்டையும் காதுக்குப் பழக்கிக்கொண்டால், எழுந்துபோய்ப் பார்க்கும்போது மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரியும். கினிக்கோழி இரண்டை வளர்த்தால் சத்தம் இன்னும் பலம். பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பாரா என்பது தனிக் கேள்வி.

குஞ்சுகள்

சிறுவிடை என்ற நாட்டு ரகப் பெட்டை அடைக்கு நன்றாக உட்காரும். பத்து முதல் பன்னிரண்டு முட்டை, 21 நாள். இருட்டான, மேடான, மூடக்கூடிய இடத்தில் அடை வையுங்கள். அடைக்கோழி முட்டையை விட்டு எளிதில் எழுந்து ஓடாது என்பதால் பாம்புக்கும் பெருச்சாளிக்கும் அதுவே வசதி.

குஞ்சு பொரித்த முதல் ஆறு வாரம் காகத்தோடும் வல்லூறோடும்தான் போராட்டம். தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது பகலுக்குச் சரி, பக்கத்தில் ஆள் இருக்கும்வரை. மண் தரையில் பஞ்சாரத்தை வைத்து இரவு விட்டால் பெருச்சாளி அடியில் வளை பறித்து ஒவ்வொன்றாக இழுத்துப்போகும். மேலே கல் வைத்தால் நாய் கவிழ்க்காது, ஆனால் கீழே வருவதை அது தடுக்காது. இரவில் குஞ்சுக்கும் மெஷ் கூண்டுதான்.

தாயில்லாமல் ஒருநாள் குஞ்சு வாங்கினால், 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு. குஞ்செல்லாம் பல்புக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு. அதற்கேற்பப் பல்பை ஏற்றி இறக்குங்கள்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து மூன்று முறை: 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா என்ற மருந்து, எட்டாம் வாரம் இறக்கைப் பக்கம் அரை மில்லி ஊசி. இதை விட்டவர்கள் கீரியால் ஒரு வருடத்தில் இழப்பதைவிட அதிகமாக ஒரே வாரத்தில் இழப்பார்கள். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், வெயிலில் வந்த மருந்து வெறும் தண்ணீர். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனமும், அங்கேயே வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

தீவனமும் எலியும்

வளர்ந்த நாட்டுக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 80 முதல் 100 கிராம் தின்னும். மேய்ச்சலில் பாதி கிடைத்துவிட்டால் மாலையில் தலைக்கு 40, 50 கிராம் நொய்யோ கம்போ போதும். கூண்டுக்குள் வைத்துக் கொடுங்கள், அதற்காகவே நேரத்துக்கு வந்து ஏறும். அரை மணியில் மிச்சம் இருந்தால் அள்ளிவிடுங்கள். இரவில் கிடக்கும் நொய்க்கு எலி வரும், எலியைத் தேடி நல்ல பாம்பும் சாரையும் வரும். பினாயில் ஊற்றுவது, பூண்டு அரைத்துத் தெளிப்பது எல்லாம் பாம்பை நிறுத்தாது. மூடியுள்ள தகர டின்னில் தீவனத்தை வைப்பதும், கூண்டைச் சுற்றி விறகு, ஓடு, மட்டை குவிக்காமல் இருப்பதும்தான் உதவும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சலை இடித்து ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள், வேண்டிய அளவு அதுவே கொத்திக்கொள்ளும். கருவாடு மலிவாகக் கிடைக்கிறதே என்று காராமணிக்குப்பம் சந்தையிலிருந்து வாங்கி இடித்துப் போடுகிறவர்கள் உண்டு. உப்புக் கருவாடு கோழிக்கு ஆகாது. தண்ணீராகக் கழியும், அளவு கூடினால் சாகும். உப்பில்லாமல் காய்ந்த சென்னாக்குன்னி கொஞ்சம் கொடுக்கலாம். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் கொல்லையில் கொட்டவே வேண்டாம், பூனைக்கும் நாய்க்கும் அதுதான் முதல் அழைப்பு.

மாலை வேலை

கார்த்திகையில் சூரியன் 5.40க்கே இறங்கிவிடும், ஆனியில் 6.35 ஆகும். கடிகாரத்தைப் பார்த்து மூடுகிறவர்கள் மழைக்காலத்தில் அரை மணி நேரம் ஏமாறுவார்கள். வெளிச்சத்தைப் பார்த்து மூடுங்கள். ஏறிய பிறகு எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றே தேடுங்கள், பெரும்பாலும் எங்கோ புதரில் கள்ளமாக அடை உட்கார்ந்திருக்கும். வீட்டில் கதவு மூடும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். இரண்டு பேரிடம் இருந்தால் ஒருவரை ஒருவர் நம்பிக் கதவு திறந்தே கிடக்கும்.

தாக்குதல் நடந்துவிட்டால்

வந்த விலங்கு மறுநாள் இரவும் வரும், பழைய வழியிலேயே. விடிந்ததும் வழியைக் கண்டுபிடித்து அன்று மாலைக்குள் அடைத்துவிடுங்கள். கதவின் கீழ் ஓரம், கூரைச் சந்து, தரை மெஷ்ஷின் மூலை என்ற வரிசையில் பாருங்கள். கம்பியில் மயிர் ஒட்டியிருந்தால் அதுதான் இடம். செத்ததை மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால் நாய்க்கு ருசி காட்டியதாகிவிடும்.

கடிபட்ட கோழியைத் தனியே இருட்டான கூடையில் வையுங்கள், ரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்தும். ஆறவைத்த உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஈ மொய்க்காமல் கொசுவலையால் மூடுங்கள், புழு வைத்தால் பிழைப்பது கஷ்டம். பல் ஆழமாக இறங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூண்டுக்குள் பாம்பு இருந்தால் கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள், முட்டையை விழுங்கிப் பருத்த பாம்பு மெஷ்ஷில் திரும்ப நுழைய முடியாமல் உள்ளேயே கிடக்கும். தீயணைப்புத் துறைக்கு 101ல் சொல்லலாம். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், 108ஐ அழைத்து, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ நேரே போங்கள்.

புயலுக்கு முன்னும் பின்னும்

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புயல். இந்தக் கரையில் கூண்டு கட்டுகிறவர் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றை மனத்தில் வைத்தே கட்ட வேண்டும். கூரைத் தகட்டுக்கு ஆணி போதாது, கொக்கி போல்ட்டும் வாஷரும் போடுங்கள். எச்சரிக்கை வந்ததும் நைலான் கயிற்றைக் கூரையின் மேல் குறுக்கே இரண்டு கட்டாகப் போட்டு, தரையில் அடித்த முளையில் இழுத்துக் கட்டுங்கள். கோழிகளை முன்னாடியே வீட்டுக்குள்ளோ கழிவறைக்கோ கொண்டுவந்துவிடுவது உத்தமம். மூங்கில் கூடையில் கவிழ்த்து வைக்கலாம், சாக்கில் கட்டி வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இரண்டு நாளுக்கு நொய்யும் குடிதண்ணீரும் எடுத்து வையுங்கள்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்ததுபோல், தண்ணீர் புயலுக்கு இரண்டு நாள் கழித்தும் வரும். வெள்ளத்தில் வளை மூழ்கியதும் பாம்பும் பெருச்சாளியும் மேடு தேடும், இரண்டரை அடி உயரத்தில் காய்ந்து நிற்கும் உங்கள் கூண்டு அவற்றுக்கு நல்ல மேடு. கோழிகளைத் திரும்ப ஏற்றும் முன் முட்டைப்பெட்டி வைக்கோலை நீளக் கம்பால் வெளியே தள்ளி எரித்துவிடுங்கள். கூரைச் சந்துகளில் திணித்த மெஷ் இருக்கிறதா, காலில் சுற்றிய தகரம் கழன்றிருக்கிறதா, கதவு பழையபடி மூடுகிறதா என்று பாருங்கள். தரை காயும்வரை அடைப்புக்குள் சுண்ணாம்புத் தூள் தூவி, கோழிகளைக் கூண்டிலேயே வைத்திருங்கள். ஈரத்தில் மேய்ந்த குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வருவது அந்த வாரத்தில்தான்.